தீட்டுப்பட்ட கம்ப்யூட்டர்

பெரியப்பா சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. மறுபேச்சுப் பேசிய ஒரே ஆள் நான்தான். அதற்காக வாங்கிய குட்டுகளை எண்ணியிருந்தால் கணக்குப் பாடத்திலாவது தேறியிருப்பேன். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் அக்காவும் நானும் பாளையங்கோட்டையில் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம்.

அம்மாவின் வளையல்கள் போய் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அக்கா அதை முன்னறையில் வைத்து, கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். எங்கள் மூவரின் சோறும் துணியும் அதிலிருந்துதான். ஆனால் சில நாள் காலையில் பொத்தானை அழுத்தினால் அதற்கு உயிரே வராது. ஜங்ஷனிலிருந்து மெக்கானிக் பஸ் பிடித்து மத்தியானம் வந்து தொட்டதும் சமர்த்தாக ஓடும். "நல்லாத்தானம்மா இருக்கு" என்று காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். மூன்று முறை இப்படி ஆயிற்று.

காரணத்தைப் பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார். அக்கா வீட்டுக்குத் தூரமான நாளில் அதைத் தொட்டிருக்கிறாளாம். மாதத்தில் அந்த மூன்று நாளும் பின்கட்டு அறையை விட்டு வராதவள் அவள். இல்லவே இல்லை என்று அழுதாள். பெரியப்பா கேட்கவில்லை. இன்னொரு தடவை மக்கர் செய்தால் கம்ப்யூட்டரை விற்றுவிட்டு அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன்பிறகு அது ஓடாத நாட்களை அம்மாவும் அக்காவும் வெளியே சொல்லாமல் மறைத்தார்கள். நான் மட்டும் நாட்காட்டியில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். புள்ளிகள் எல்லாம் செவ்வாயிலும் வெள்ளியிலும் விழுந்திருந்தன. அந்த இரண்டு நாளும் விடிந்ததும் அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுவாள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகும் ஸ்டெபிலைசர் பெட்டி மேஜைக்கு அடியில் தரையோடு கிடந்தது, அதற்கும் அதில் ஒரு குளியல். வெயில் ஏறிக் காய்ந்த பிறகுதான் அது வழிக்கு வரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா பின்கட்டில் இருந்தாள். அன்றே ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மாணவர் வாசலில் வந்து நின்றார். அம்மா வாளியைத் தூக்குவதற்கு முன்பே ஸ்டெபிலைசரை எடுத்து முக்காலியில் வைத்திருந்தேன். வீடு கழுவி முடிந்ததும் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து முன்னறைக்கு இழுத்து வந்தேன். பெரியப்பா செய்தித்தாளை மடித்தார்.

"ஏட்டி, அவள எதுக்கு இங்கன இழுத்துட்டு வார?"

"அவ தொட்டா ஓடாதுன்னு சொன்னியளே. தொடட்டும், பாப்போம்."

அம்மா துடைப்பத்தோடு நின்றாள். என்னைத் தடுக்கவில்லை. அக்காவின் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்து அழுத்தினேன். உள்ளே விசிறி இரைந்தது, திரையில் வெளிச்சம் வந்தது. நாட்காட்டியையும் முக்காலியையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பயமே இல்லை எனக்கு.

பெரியப்பா செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார். பிறகு அம்மாவிடம், "சரி, மிஷினுக்குத் தீட்டு இல்ல போல. இனி அந்த மூணு நாளும் இவ வந்து வேலையப் பாக்கட்டும். முடிஞ்சதும் பின்னால போயி இருந்துக்கிடட்டும்" என்றார்.

பெரியப்பாவையே ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைத் தொட்டதற்காக அம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றியபோதும் சிரித்துக்கொண்டேதான் நின்றேன். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அக்கா பின்கட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுபோனது நான்தான். மறுபடி குளிக்க வேண்டாமே என்று, அவள் கை என் மேல் படாதபடி தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டேன். "பாத்தியாக்கா, ஜெயிச்சுட்டோம்" என்றேன். அவள் ஏன் சிரிக்கவில்லை என்று அன்று முழுவதும் எனக்கு அவள் மேல் கோபம்.