முனையைச் சுற்றிப் போன கப்பல்

என் கணவர் சரக்குக் கப்பலில் ஆயிலர். இன்ஜின் ரூமில் எண்ணெய் அளவு பார்ப்பது, பம்புகளைக் கவனிப்பது, மீட்டர்களைப் படித்து எழுதி வைப்பது அவர் வேலை. அதற்கு முன்பு எங்கள் ஊர் விருத்தாசலத்திலேயே ஒரு செராமிக் கம்பெனியில் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். சூட்டில் நின்று பழகியவர் என்பதால் இன்ஜின் ரூம் அவருக்குப் பெரிய சிரமமாக இல்லை. நான் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். அவர் கப்பலில் இருக்கும் மாதங்களில் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான்.

அந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது வாரம் கொழும்பிலிருந்து கூப்பிட்டார்.

"ராட்டர்டாம் போறோம். ஆனா சூயஸ் வழியா இல்ல. செங்கடல்ல கப்பலுங்க மேல ஏவுகணை வுடுறாங்கல்ல, அதனால ஆப்பிரிக்காவ சுத்திக்கிட்டுப் போவச் சொல்லிட்டாங்க."

"நல்லதுதானங்க?"

"நல்லதுதான். ஆனா ஆப்பிரிக்காவோட தெக்கு மொனைல இப்ப குளிர்காலம். கடலு மோசமா இருக்கும்னு பெரியவங்க சொல்றாங்க. நெட்டும் சரியா கெடைக்காது. அம்மாகிட்ட எதையும் சொல்லாத. கப்பலு கொழும்புலயே நிக்குதுன்னு சொல்லிடு."

ஏவுகணைக்குத் தப்பினாரே என்று ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் வகுப்பில் எடுக்க வேண்டியிருந்தது ஐரோப்பியர் வருகை பாடம். பத்து வருடமாக எடுக்கிற பாடம்தான். மிளகுக்கும் பட்டைக்கும் புது வழி தேடிப் போர்ச்சுகல்லில் இருந்து கிளம்பினார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையை முதலில் சுற்றியவர் அதற்குப் புயல் முனை என்று பேர் வைத்தார். மேலே போக மாட்டோம் என்று அவருடைய ஆட்களே மறுத்ததால் பாதியில் திரும்பினார். அவருடைய அரசர்தான் நன்னம்பிக்கை முனை என்று பேரை மாற்றினார். ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

என் கணவரின் கப்பல் எங்கே போகிறது என்று பார்க்க போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். கப்பல் சின்ன அம்புக்குறியாகத் தெரியும். கரையை ஒட்டிப் போனால்தான் அது நகரும். நடுக்கடலுக்குப் போய்விட்டால் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நின்றுவிடும். மொரீஷியஸ் தீவுக்குக் கீழே அது நின்றது. அன்று காலை, "சாப்டியா, அம்மா சாப்டாங்களா" என்று ஒரு மெசேஜ் வந்திருந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. நான் அனுப்பியவை ஒற்றை டிக்கோடு கிடந்தன.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். நாலாம் நாள் வகுப்புக்கே கொண்டுபோய் மேசை டிராயரில் வைத்தேன். அன்று தென்னாப்பிரிக்காப் பக்கம் புயலில் ஏதோ ஒரு கப்பலிலிருந்து கண்டெய்னர்கள் கடலில் சரிந்துவிட்டதாக ஒரு செய்தி கண்ணில் பட்டது. கப்பல் பேரைத் தேடிப் படித்தேன். இவருடையது இல்லை. ஆனாலும் அந்தச் செய்தியை இன்னொரு தடவை படித்தேன்.

சென்னையில் அவரை வேலைக்கு அனுப்பிய ஆபீசுக்குப் போன் செய்தேன்.

"வெசல் சேஃப் மேடம். வெதர்தான் கொஞ்சம் ரஃப்" என்றார் ஒருவர்.

"அவருகிட்ட பேச முடியுமா?"

"கடல் அடங்கட்டும் மேடம். அவரே பேசுவாரு."

கப்பல் நன்றாக இருக்கிறது என்றாரே தவிர, ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் கரும்பலகையில் ஆப்பிரிக்காவை வரைந்து, அடுத்துக் கிளம்பியவர்கள் முனையைத் தாண்டி வந்த வழியை லிஸ்பனிலிருந்து கோழிக்கோடு வரைக்கும் கோடாக இழுத்தேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கம்மாபுரத்துப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள், அதிகம் பேச மாட்டாள்.

"டீச்சர், போனவங்கல்லாம் திரும்பி வந்துட்டாங்களா?"

போனவர்களில் பாதிப் பேர்கூட ஊர் திரும்பவில்லை என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். புத்தகத்தில் அது இல்லை. மற்ற வருடமாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"வந்துட்டாங்க. உக்காரு" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிள்ளைகளிடம் தெரிந்தே பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அது வேறு உறுத்திக்கொண்டிருந்தது.

வீட்டில் மாமியாரிடம் தினமும் ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தது. அவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்கு ஓரம் சீவுகிறார். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மையில் இரண்டு பக்கமும் பொருந்துகிற இடத்தில் ஒரு வரி நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைப்பார். சாயங்காலம் வந்ததும், "போன் பண்ணானா?" என்பார். "பண்ணாரு அத்தை, கப்பலு அங்கயேதான் நிக்குதாம்" என்பேன். "சரி" என்று கை கழுவப் போய்விடுவார். இவ்வளவு சுலபமாக நம்புகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

ஏழாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமியார் வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். குளித்து, நல்ல புடவை கட்டியிருந்தார்.

"பேப்பரும் பேனாவும் எடுத்துக்க. கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயி பிராது கட்டிட்டு வரலாம்."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு எங்கள் பக்கத்துச் சனங்கள் குறையைக் காகிதத்தில் மனுவாக எழுதிக் கொடுப்பார்கள். சன்னதியில் வைத்து எடுத்து, வெளியே முனியப்பர் எதிரே கட்டிவிட்டு வருவது வழக்கம்.

"என்னான்னு எழுதறது அத்தை?"

"ஆப்பிரிக்காவ சுத்திக்கிட்டுப் போற எம்புள்ள பத்தரமா கரை சேரணும்னு எழுது."

"ஒங்களுக்கு யாரு சொன்னது அத்தை?" என்றேன்.

"எங்க கம்பெனி பொம்மையும் அந்தப் பக்கந்தான் போவுது. எந்தக் கப்பலும் செங்கடல்ல போவறதில்லன்னு பேக்கிங்ல பேசிக்கிறாங்க. இவன் மட்டும் கொழும்புல நிப்பானா? நீயா சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. ராத்திரில நீ போன பாக்கறதும் எனக்குத் தெரியும். கேட்டா நீ ஒடஞ்சிடுவியோன்னு வுட்டுட்டேன்."

"அவருதான் அத்தை சொல்ல வேணாம்னாரு."

"அவன் அப்படித்தான் சொல்லுவான். இனிமே எங்கிட்ட மறைக்காத."

ஆட்டோ பிடித்துப் போனோம். கோயில் மண்டபத்தில் தூணோரம் உட்கார்ந்து எழுதினேன். என் கணவர் பேர், அவர் அப்பா பேர் எழுதியாயிற்று. இப்போது இருக்கும் இடம் என்ற வரியில் பேனா நின்றது. எந்தக் கடல், எந்தத் திசை என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வருடம் படம் போட்டு நடத்தினவளுக்கு அந்த வரியை நிரப்ப முடியவில்லை. எதிரில் மாமியார் காத்திருந்தார். "கடலில்" என்று மட்டும் எழுதி மடித்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் போன் அடித்தது.

"நாந்தான். தாண்டிட்டோம்" என்றார். குரல் கம்மியிருந்தது.

"உங்களுக்கு என்னா ஆச்சி?"

"ஒன்னும் இல்ல. கப்பலு சாஞ்சதுல ஏணிலேர்ந்து வுழுந்துட்டேன். இடது கையில எலும்பு கொஞ்சம் வெடிச்சிருக்குது. கட்டுப் போட்டிருக்காங்க. ராட்டர்டாம்ல எறக்கி அனுப்பிடுவாங்க. அம்மாகிட்ட—"

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நீங்களே அவங்களுக்குப் போன் பண்ணிப் பேசுங்க."

"சரி" என்றார். சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கைகழுவும் இடத்துக்குப் போய் அழுதேன்.

ஆடி பிறந்து அவர் வந்து சேர்ந்தார். கையில் மாவுக்கட்டு, முகம் வற்றியிருந்தது. நாலைந்து நாள் படுக்கையில் இரண்டு பக்கமும் தலையணையை முட்டுக்கொடுத்துத்தான் தூங்கினார். உருண்டு விழுந்துவிடுவது போலவே இருக்கிறது என்றார். ஒரு நாள் சாப்பிடும்போது தானாகச் சொன்னார்: இரண்டு நாள் யாரும் சமைக்கவில்லை, ரொட்டியைத்தான் தின்றார்களாம். பைபிள் வைத்திருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் எல்லாருக்காகவும் சத்தமாக ஜெபம் பண்ணினாராம். இவரும் கூடவே மண்டி போட்டாராம். மாமியார் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

கை கூடிய பிறகு பழைய செராமிக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். இரண்டு மாதம் போனார். தை மாதம் கப்பல் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. "என்னா செய்யலாம்?" என்று என்னைக் கேட்டார். போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருப்பதைப் பார்த்தேன். சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கிளம்பிய பத்தாம் நாள் சிங்கப்பூரிலிருந்து பேசினார். எடுத்ததும் நான் கேட்டது ஒன்றுதான்.

"எந்த வழியா போறீங்க?"

"இன்னும் சொல்லல" என்றார். "சொன்னதும் ஒங்கிட்டயும் அம்மாகிட்டயும் சொல்றேன்."