புயல் கிளம்ப நேரமாகும்

அவர் எட்டாம் மாதமே பிறந்துவிட்டவர். இன்னும் ஒரு மாதம் உள்ளே உட்கார்ந்து என்ன செய்வது என்று கிளம்பி வந்துவிட்டதாக வீட்டில் சொல்வார்கள். தன் கல்யாணத்தன்று மண்டபத்துக் காவலாளியைத் தட்டி எழுப்பியவரும் அவரே. காபி ஆறும்வரை பொறுத்ததில்லை. அதனால் நாக்கு எப்போதும் பொத்துப்போயிருக்கும், எதைச் சாப்பிட்டாலும் உப்பு இல்லை என்பார். சோப்புக் கம்பெனிக்குச் சொந்த லாரி ஓட்டும் அவருக்கு, சரக்கு ஏற்றும் யார்டில் வைத்த பெயர் புயல்.

இப்படிப்பட்ட மனிதரின் லாரி ஆறு மாதமாகக் காலையில் கிளம்ப மனமில்லாமல் கிடந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். இன்ஜின் யோசிக்கும். ஒருமுறை இருமும். மறுபடி யோசிக்கும். பெரிய மனது பண்ணி அது ஓடத் தொடங்கும்போது தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் விழித்திருப்பார்கள்.

"புயல் இன்னும் வீட்டு வாசல்லயே மையம் கொண்டிருக்கா?" என்று யார்டு சூப்பர்வைசர் போன் போட்டுக் கேட்பார். முதலில் சிரித்துக்கொண்டு கேட்டார். பிறகு சிரிப்பு குறைந்தது. ஒரு சனிக்கிழமை, சிரிப்பே இல்லாமல் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்குள்ள வண்டி யார்டு கேட்டுக்குள்ள இருக்கணும். இல்லேன்னா உன் இடத்துல வேற வண்டி நிக்கும். அப்புறம் என்மேல வருத்தப்படாதே."

புயல் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. பேட்டரிக் கடைக்காரரிடம் போனார். அவர் பார்த்தவுடனே பேட்டரிதான் என்றார். செல்ஃப் கட்டுகிறவர், தொட்டுக்கூடப் பார்க்காமல் செல்ஃப்தான் என்றார். டீசல் பம்ப் பார்க்கிறவருக்குப் பம்ப் என்பதில் சந்தேகமே இல்லை. ஆளாளுக்குத் தன்னிடம் இருந்ததை மாட்டி அனுப்பினார்கள். மாட்டி முடித்ததும் ஒவ்வொருவரும் சாவியைத் திருப்பிக் காட்டினார்கள். தொட்டவுடன் பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களா?" என்றார்கள். புயலும் பார்த்தார். மறுநாள் காலை தெருவும் பார்த்தது.

எந்தக் கடைக்குப் போனாலும் லாரியை அங்கே ஓட்டிக்கொண்டுதான் போனார் என்பதும், ஓடிச் சூடேறிய இன்ஜின் யார் கை பட்டாலும் பிடித்துக்கொள்ளும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லும் கடையில் அவர் நிற்பதேயில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள்: மனைவியின் தம்பி. ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டில் லாரி ரிப்பேர் பார்ப்பவன். "நம்ம மச்சினன் ஒரு நட்டைக் கழட்டுறதுக்குள்ள அது துருப்பிடிச்சுத் தானா விழுந்துடும்" என்று விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரித்தவர் புயல். இப்போது அவனிடமே போக அவருக்கு மனமே இல்லை. ஆனாலும் ஞாயிறு மதியம் போனார்.

மச்சினன் பாயில் படுத்திருந்தான். எழுந்திருக்காமலே கேட்டான்.

"என்ன மாமா, அதிசயமா இருக்கு."

"காலையில ஸ்டார்ட் ஆக இழுக்குது மாப்ளே. உடனே பாரு."

"சாவியை ஆணியில மாட்டிட்டுப் போங்க. காலையில பாத்துக்கலாம்."

"ஆறு மணிக்கு நான் கேட்டுல நிக்கணும்டா."

"அஞ்சு மணிக்கு வாங்க. நடுவுல வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க, தூக்கம் கலைஞ்சுடும்."

அன்று வீட்டில் புயல் உட்கார்ந்த நாற்காலி எதுவும் சூடாகவில்லை. "உன் தம்பி என் பொழப்பைக் கெடுத்துட்டான்" என்றார் மனைவியிடம். அவர் பருப்பு களைந்துகொண்டே, "இன்னும் கெடலையே, விடியட்டும்" என்றார். மறுநாள் மனைவியும் கூடவே கிளம்பினார். இந்த இருவரையும் தனியாக விட்டால் லாரியைப் பார்க்க ஆள் இருக்காது என்பது அவர் கணக்கு.

ஐந்து மணிக்கு மச்சினன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பல்லாக. வாய் கொப்பளித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினான். செல்ஃப் சுற்றியது. இன்ஜின் யோசித்தது.

"செல்ஃப் ஜோரா சுத்துதே மாமா. டீசல்தான் வரல. இதுக்குப் போயி பேட்டரியெல்லாம் மாத்தினீங்களா?"

டீசல் ஃபில்டர் மேலிருந்த ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினான். டீசலுக்குப் பதில் நுரை பொங்கியது. எங்கேயோ காற்று இழுக்கிறது என்றான். வண்டி நின்று ஆறினால் டீசல் டாங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது, காலையில் அது மறுபடி ஏறி வருவதற்குத்தான் அத்தனை நேரம். ஃபில்டரைச் சுற்றிக் கழற்றினான். அடியில் கையை விட்டுத் தடவி, நசுங்கிய பழைய ரப்பர் வாஷர் ஒன்றை உரித்தெடுத்தான்.

"பழசை எடுக்காம அதுமேலயே புதுசை வெச்சு முறுக்கியிருக்கான். ரெண்டும் சரியா உக்காரல. ஃபில்டர் யாரு மாமா மாத்துனது?"

ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள், வாசலில், மனைவி டார்ச் பிடிக்க, மாற்றியது புயல்தான். "பழைய வாஷர் வந்துடுச்சாங்க?" என்று மனைவி கேட்டதும், "அதெல்லாம் கூடவே வந்திருக்கும், லைட்டை நேராப் பிடி" என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

"வழியில ஒரு கடை," என்றார்.

"எந்தக் கடை? நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்."

மனைவி லாரிக் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு அவரைத் தெரியும் தம்பி," என்றார். "கேட்டுப் பிரயோஜனமில்ல. காது கேக்காது."

புதிய வாஷர் ஒன்றை மட்டும் வைத்து, காற்றை வெளியேற்றி, மச்சினன் சாவியைத் திருப்பினான். உடனே பிடித்துக்கொண்டது. "ராவெல்லாம் ஆறவெச்சுக் கண்டுபிடிச்சிருக்கியே மாப்ளே," என்று புயல் முதல்முறையாக அவனை மெச்சினார். "நேத்து சோம்பலா இருந்துச்சு மாமா, அவ்வளவுதான்," என்று அவன் உண்மையைச் சொன்னான். அதை யாரும் நம்பவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்பே லாரி கேட்டுக்குள் நுழைந்தது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், சரக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"அடடே. எந்த மெக்கானிக்?"

"மெக்கானிக் எதுக்கு? ஃபில்டர்ல ரெண்டு வாஷர். எவனோ பொறுப்பில்லாத பய போட்ட வேலை. நானே கண்டுபிடிச்சுட்டேன்."

"அவனைச் சும்மா விடாதே."

"விடுறதா?" என்றார் புயல், சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே. "கையில கெடைக்கட்டும்."