போகக் கூடாத தெரு

சொக்கம்மாளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. அவளை அந்தத் தெருவுக்குப் போகாதே என்று சொன்னவனே நான்தான்.

அச்சன்புதூர்க்காரி. பத்து வருடமாகச் சர்க்கரை நோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் போகிற வேலை. மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுவாள். பிறகு, யாரும் கேட்காமலே கீழே உட்கார்ந்து கால்விரல் இடுக்கெல்லாம் பார்ப்பாள். "சர்க்கர உள்ளவுகளுக்குக் கால்ல முள்ளு குத்துனாலும் தெரியாது உமாசங்கர் சார், நாமதான் பாக்கணும்" என்பாள். வாய் கொஞ்சம் அதிகம். அலுவலகத்தில் அவளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

போன வருடம் எங்கள் தொண்டு நிறுவனம் ஒரு புதுத் திட்டத்தைச் சோதித்தது. சில தெருக்களுக்கு வழக்கம்போல ஆள் போகும். மற்ற தெருக்களுக்கு ஆளுக்குப் பதிலாகத் தினமும் வாட்ஸ்அப்பில் கேள்வி போகும். மாத்திரை போட்டாச்சா, காலில் புண் உண்டா? எதில் நோயாளிகள் தேறுகிறார்கள் என்று ஒரு வருடம் ஒப்பிட வேண்டும். வாட்ஸ்அப் தெருவுக்குள் ஆள் போனாலோ, அந்தத் தெருக்காரர்களிடம் நின்று பேசினாலோ சோதனையே கெட்டுவிடும். தென்காசி அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து இந்த விதியைக் கட்டிக் காத்தவன் நான்.

சொக்கம்மாள் அதுவரை வாராவாரம் போய்ப் பார்த்துவந்த ஜாஹிரா பீவியின் வீடு வாட்ஸ்அப் தெருவில் விழுந்தது. ஒரே மகன் முகம்மது ரபீக் சார்ஜாவில். கேஸ் இணைப்போ வங்கியோ, எங்கே எண் கேட்டாலும் வெளிநாட்டில் இருக்கிற ஆம்பிளையின் எண்ணைக் கொடுப்பது அந்தத் தெருவின் பழக்கம். எங்கள் படிவத்திலும் அதுவே ஏறியது.

"சார், அது மவன் நம்பரு. கேள்வி சார்ஜாவுக்குல்லா போவுது" என்றாள் சொக்கம்மாள்.

"குடும்பத்துல யார் நம்பர்னாலும் சரிதான். அவன் கேட்டுச் சொல்லுவான்."

முதல் மாதம் கேட்கத்தான் செய்தான். "நல்லாருக்கேன் வாப்பா" என்றாள் தாய். வெயிலில் உழைக்கிற பிள்ளையிடம் வேறென்ன சொல்வாள்? பிறகு தினமும் அவனே 'போட்டாச்சு', 'புண் இல்லை' என்று அழுத்திவிட்டு வேலைக்குப் போனான். என் திரையில் அந்த வீடு ஒருநாள்கூடத் தவறவில்லை. கூட்டத்தில் அதையே உதாரணமாகக் காட்டினேன், வெட்கங்கெட்டவன்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் ஜாஹிரா பீவி சொந்தக்காரர்களோடு பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாள். பாறையில் இடித்துக் கட்டைவிரல் கிழிந்தது. தண்ணீரில் ரத்தம் தெரியவில்லை, வலியும் இல்லை. மூன்று வாரம் கழித்து, நாற்றம் வந்த பிறகுதான் பக்கத்து வீட்டு ஹுஸ்னா ஆட்டோ பிடித்தாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சொக்கம்மாளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விதி, சோதனை, ஒப்பீடு எல்லாவற்றையும் விளக்கத் தயாராகத்தான் போனேன். ஜாஹிரா பீவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏட்டி சொக்கு, வாரா வாரம் எங்க தெரு முக்கு வழியாத்தான அடுத்த தெருவுக்குப் போற. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நீ தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போயிருத. ஒங்கிட்ட என்ன தப்பாப் பேசிட்டேன்னு இத்தன மாசமா யோசிச்சிக்கிட்டுக் கெடக்கேன்."

சொக்கம்மாள் மெதுவாக என்னைப் பார்த்தாள். மெதுவாக என்னைப் பார்த்தாள்.

"நான் ஏன் வரலன்னு அக்காட்டச் சொல்லுங்க சார்."

நான் சொல்லவில்லை.