தூளிக்குக் கீழே

பர்மாவில் தொழில் படுத்துப்போய், அங்கே ஒரு வட்டிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். எங்களுக்கென்று இருந்தது கல்லலுக்கு மேற்கே ஒரு தோட்டமும் அதற்குள் ஒரு பழைய வீடும்தான். அவருடைய பெரியப்பா கட்டிய வீடு. பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. அவர் காலமானதும் பூட்டியது, அப்படியே கிடந்தது. இவர் சின்ன வயசிலேயே கப்பலேறிவிட்டதால் அந்த வீட்டுக்குள் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை.

நாங்கள் கதவைத் திறந்த அன்று உள்ளேயிருந்து வௌவால்கள் முகத்தில் அடித்துக்கொண்டு பறந்தன. முன்கட்டில் பாதி ஓடு இல்லை. சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று என் உயரத்துக்கு நின்றது. செம்புறாங்கல் சுவர் என்பதால் மற்றபடி திடமாக இருந்தது. அந்தக் கோடை முழுக்க ஓடு மாற்றினோம், கரையான் அரித்த கைமரங்களை இறக்கினோம், தரையைக் கொத்திப் புதுசாக மண் போட்டு இடித்தோம். பின்பக்கத்து அறையை மட்டும் தொடவில்லை. அதன் தரை வழுவழுவென்று சாணம் மெழுகியபடி இருந்தது. கத்திரி வெயிலிலும் காலுக்குக் குளுகுளுவென்று இருக்கும். "இந்த ஒண்ணுதான் வேலை வைக்காத அறை," என்றார் இவர். வேலை நடக்கும்போது நாங்கள் படுத்ததும் சமைத்ததும் அங்கேதான். விட்டத்தில் தூளி கட்டி எங்கள் கைக்குழந்தையைப் போட்டதும் அங்கேதான்.

வீடு ஓரளவு நிமிர்ந்ததும் ஆடு வாங்கினோம், கோழி வாங்கினோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் ஒரு சினைப்பசுவும் வாங்கினோம். மயிலை நிறம், சாது. மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சினைமாட்டை நனையவிடக் கூடாதென்று பின்னறையில் ஒரு மூலைத் தூணில் கட்டினோம்.

மூணாம் நாள் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. உச்சிவேளை இருக்கும். குழந்தையைத் தூளியில் ஆட்டித் தூங்கவைத்துவிட்டு, நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் எதுவோ தண்ணீரில் விழுகிற சத்தம். வீட்டுக்குள் தண்ணீர் ஏது என்று திரும்பினேன்.

மாட்டைக் காணோம். தூணும் சாய்ந்து கிடந்தது. மாடு நின்ற இடத்திலிருந்து அறையின் நடுவரை தரையே இல்லை. கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. அந்த வாய்க்கு நேர் மேலே, விட்டத்திலிருந்து தூளி தொங்கிக்கொண்டிருந்தது. லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்து உள்ளே ஓட ஓர் அடி வைத்தேன். காலுக்குக் கீழே மண் சொரசொரவென்று உதிர்ந்தது. காலை இழுத்துக்கொண்டேன். அதற்குள் சத்தம் கேட்டு இவர், ஆடுகளுக்குக் குழை பறிக்கிற தொரட்டிக் கம்போடு ஓடிவந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"அசையாத. அங்கயே நில்லு."

நிலைப்படியில் குப்புறப் படுத்தார். தொரட்டியை நீட்டித் தூளிச்சேலையின் மடிப்பில் கொக்கியை மாட்டினார். சேலை பழசு. கிழிந்தால் போச்சு. அவர் மெல்ல மெல்ல இழுக்க, தூளி சாய்ந்து எங்கள் பக்கம் வந்தது. நான் அவர் முதுகின் மேலேயே மண்டிபோட்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பிள்ளையை அள்ளினேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தொரட்டியை விட்டதும் வெறும் தூளி மறுபடி பள்ளத்துக்கு மேலே போய் ஆடியது. அதைப் பார்த்ததும்தான் நான் அலறினேனாம். எனக்கு நினைவில்லை.

கீழேயிருந்து "ம்மா" என்று மாடு கத்தியது.

என் அலறலைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஓடிவந்தார். எட்டிப் பார்த்தவர், "அடடா, பனஞ்சட்டம் இத்துப்போச்சா!" என்றார்.

"என்ன சட்டம்?" என்றார் இவர்.

"கெணத்து மேல போட்ட சட்டந்தான்."

நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் குடியிருக்கீகன்னு நெனச்சேன்."

பேச நேரமில்லை. அவர் தண்ணீர் இறைக்கிற தன் கமலை மாடுகளையும் வடக்கயிற்றையும் கொண்டுவந்தார். மாடுகள் நேராக இழுப்பதற்கு வழி வேண்டுமென்று, நாங்கள் அப்போதுதான் வெளிப்பக்கம் பூசி முடித்திருந்த பின்சுவரைக் கடப்பாரையால் இடித்துத் தள்ளினார்கள். கிணற்றின் மேல் குறுக்கே இரண்டு மரத்தைப் போட்டு உருளை கட்டினார்கள். அண்ணன் இறங்கி, வயிற்றில் அழுத்தாமல் சாக்கு வைத்து, நெஞ்சுக்கும் தொடைக்கும் கயிறு சுற்றினார். தண்ணீர் இருந்ததால்தான் மாடு பிழைத்ததென்று உள்ளேயிருந்து சொன்னார். பொழுது சாய்கிற நேரத்தில் அது மேலே வந்தது. நிற்க முடியாமல் மழையில் படுத்தது. நான் குழந்தையை இறக்கவே இல்லை. இடுப்பில் வைத்தபடியே அதற்கு வைக்கோலால் உடம்பு தேய்த்துவிட்டேன்.

மறுநாள் சேதி கேட்டு இவருடைய அக்கா வந்தார். பெரியப்பா வீட்டிலேயே வளர்ந்தவர். பால் காய்ச்சிய அன்று அதே பின்னறையில் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

"மதினி, உள்ள கெணறு இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? பெரியப்பா வீட்டைப் பின்னால நீட்டினாக. கெணறு குறுக்க நின்னுச்சு. கெணத்தைத் தூத்தா வம்சத்துக்கு ஆகாதுன்னு பெரியம்மா சொன்னாக. அதான் சட்டம் போட்டு, பலகை போட்டு, மண்ணை மெத்திவிட்டாக."

"எங்ககிட்டச் சொல்லலையே மதினி."

"நீ கேக்கலையே ஆத்தா," என்றார். சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கை அப்படியே நின்றுவிட்டது. "எம் புள்ளைக இதுக்கு மேலயா ஓடிப்பிடிச்சு வெளையாடுச்சுக?" என்றார். அப்புறம் அன்றைக்கு முழுக்க அவர் எதுவும் சாப்பிடவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓடு வேய வந்தவருக்கும், மோர் வாங்க வந்த கிழவிக்கும். ஒருவரும் மறைக்கவில்லை. தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சில நாள் வரை பிள்ளையை இவரிடம்கூடக் கொடுக்க மாட்டேன்.

மாசம் திரும்புமுன் பசு கன்று ஈன்றது. கன்று உயிரோடு வரவில்லை. பசு பிழைத்துக்கொண்டது, பின்னங்காலில் கொஞ்சம் நொண்டலோடு. இடித்த சுவரை நாங்கள் மறுபடி எழுப்பவில்லை. பின்னறையின் ஓட்டைப் பிரித்துவிட்டு, கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டினோம். நல்ல ஊற்று. ஆடு, மாடு, கத்திரிச்செடி எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். இவரும் குடித்துவிட்டு இளநீர் மாதிரி இருக்கிறது என்பார்.

நான் கடைசிவரை ஊருணித் தண்ணீரைத்தான் தூக்கிவந்து குடித்தேன்.