சரஸ்வதி பூஜைப் பந்தல் அல்ல, எங்கள் வீடு

2009 ஜனவரி 18, ஞாயிறு, காலை 10.40. டாக்குரியாவில் எங்கள் மனையைச் சுற்றி 412 தெர்மாகோல் பிளாக்குகள் சுவராக நிற்கின்றன. பிளாக்குகளின் வெற்று நடுவில் கம்பி கட்டியாச்சு. நாளை அதற்குள் கான்கிரீட் கொட்டணும். அப்புறமும் தெர்மாகோலைப் பிரிக்க மாட்டோம், வெயில் உள்ளே வராது.

இதை அப்பாவுக்குப் பத்து தடவை விளக்கினேன். கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில் அம்மாவோடு முப்பது வருஷம் வெந்தவர்.

"ஐஸ் பெட்டியிலயாடா குடியிருக்கிறது?" என்றார். நாலு நாளாகப் பேச்சே இல்லை.

இன்று பக்கத்து வீட்டு மாஷிமா, அதாவது வங்காளிப் பெரியம்மா, எட்டிப் பார்த்தார். "அழகா இருக்கே! சரஸ்வதி பூஜைப் பந்தலா?" இங்கே வங்காளத்தில் சரஸ்வதி பூஜை இந்த மாசக் கடைசியில்தான், பந்தலைத் தெர்மாகோலில் ஜோடிப்பார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா வங்காள மொழியில் பாய்ந்தார். "பந்தலா? நடுவுல கம்பி இருக்கு. நாளைக்குக் கான்கிரீட். ரெண்டு பக்கமும் தெர்மாகோல், வெயில் அண்டாது. என் பையன் டிசைன்!"

அத்தனையும் நான் சொன்னது. ஒரு தப்பு இல்லை.

மாஷிமா விடவில்லை. "அப்போ எந்த சாமி உள்ளே வருது?"

"இவன் அம்மா," என்றார் அப்பா.

இனி:
1. நாளை ஆறு மணிக்குக் கான்கிரீட்.
2. கிரகப்பிரவேசத்துக்கு முதல் அழைப்பு மாஷிமாவுக்கு.
3. தெர்மாகோல் வீடு பற்றிய சந்தேகங்களை இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். அப்பா பதில் சொல்வார்.