‘பிளாற்றினம்’ சிறீஸ்கந்தராசா

கையை மூன்று தரம் துடைக்காமல் சிறீஸ்கந்தராசா அந்தப் புத்தகத்தைத் தொடமாட்டார். முதலில் துவாயில், அடுத்தது கட்டியிருக்கும் சாரத்தில், கடைசியாக வெறும் காற்றில் ஒரு உதறல். சனிக்கிழமை காலை என்றால் ஹேர்னிங் நகரத்து மூன்றாம் மாடி வீட்டில் இதுதான் நடக்கும். வெளியே காற்று நிறுத்திவைத்த சைக்கிள்களையெல்லாம் தள்ளி விழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே இவர் கதிரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, தலையணைப் பருமனில் இருக்கும் டெனிஷ் கலைக்களஞ்சியத்தை விரித்துவைத்து உரத்து வாசிப்பார். குசினிக்குள்ளிருந்து மனைவி தங்கமலரின் குரல் வரும். “இஞ்சருங்கோ, இண்டைக்கு ஆர் செத்தது?” அவள் கேட்பதிலும் நியாயம் உண்டு. அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் யாராவது ஒரு அரசன் செத்துக்கொண்டுதான் இருப்பான்.

முழுத் தொகுதி பத்தொன்பது புத்தகமாம். தேவாலயத்துப் பழஞ்சாமான் விற்பனையில் இவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. விலை இரண்டு குரோணர். போன நூற்றாண்டின் கடைசியில் அச்சடித்தது. ‘பெ’ எழுத்தில் தொடங்கி ‘பொ’ எழுத்தில் முடிகிறது. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரிகாலத்தில், மனிசி ஊரில், தான் மட்டும் தனியே ஒரு அறையில் கிடந்து, வேறு செய்ய ஒன்றுமில்லாமல் இந்த ஒன்றை வைத்தே மனிதர் டெனிஷ் பாஷையைப் படித்துவிட்டார். ஆகவே பிங்குவினைப் பற்றி, பேர்சியாவைப் பற்றி, பெற்றோலியத்தைப் பற்றி, போலந்தை யார் யார் பங்கு போட்டார்கள் என்பதைப் பற்றி அரைமணித்தியாலம் கதைப்பார். கடையில் பால் கேட்கத் தெரியாது. மாடு மாதிரிக் கத்திக் காட்டித்தான் முதல் பால் வாங்கினார். மிளகை மட்டும் பிசகில்லாமல் கேட்டு வாங்குவார், ஏனென்றால் டெனிஷில் மிளகு ‘பெ’யில் தொடங்குகிறது.

அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தின டெனிஷ். பாஷைப் பள்ளிக்கூட ரீச்சர் இவர் வாய் திறந்தால் கண்ணீர் வரச் சிரிப்பாள். செத்துப்போன தன் பூட்டனார் எழும்பிவந்து பேசுகிற மாதிரி இருக்கிறதாம். துணி ஆலையில் சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் வேலை. அங்கே டெனிஷ்காரர் இவரைப் ‘புரொபெசர்’ என்பார்கள். எங்கள் ஆட்கள் வைத்த பெயர் வேறு. பிளாற்றினம்!

ஏனென்றால் அந்தப் புத்தகத்திலேயே இவர் உயிரை வைத்திருந்தது பிளாற்றினம் என்ற பக்கங்களில்தான். கொடிகாமம் பஸ் நிலையத்தில் பத்து வருஷம் ரைம்கீப்பராக நின்ற மனிதருக்கு அதில் அப்படி என்ன பிடித்ததோ தெரியாது. ஆனால் நாலு பேர் கூடியிருந்தால் போதும், தொடங்கிவிடுவார். “அது ஒரு பாவப்பட்ட உலோகம், கண்டியளோ. தங்கத்தைவிடப் பாரம், தங்கத்தைவிட உறுதி, தனி அசிட்டுக்கு அசையாது. ஆனால் போன நூற்றாண்டிலை அதை ஒரு நாயும் மதிக்கேல்லை. தங்கத்தின்ரை விலையிலை ஏறக்குறைய மூண்டிலை ஒண்டு! கந்தக அசிட் காய்ச்சப் பானை செய்தவங்கள். கட்டுப்பல்லுக்கு ஊசி செய்தவங்கள். போட்டோ அச்சடிச்சவங்கள். ரஷ்யாக்காரன் ஒருத்தன்தான் மதிச்சுக் காசு அடிச்சான், அவனும் பதினேழு வருஷத்திலை வேண்டாமெண்டு திருப்பி எடுத்திட்டான்.” இந்த இடத்தில் அவருடைய குரல் இளகும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போவார்கள்.

இரண்டு வருஷம் காத்திருந்து, விசாக் கடதாசிகளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு விரல் தேய்ந்து, எண்பத்தாறு ஆனியில் தங்கமலர் வந்து சேர்ந்தாள். வந்த கிழமையே பிளாற்றினம் முழுவதையும் கேட்டாள். இரண்டாம் கிழமை, “நான் கடல் தாண்டி வந்தது உந்தப் புத்தகத்துக்குச் சக்களத்தியாய் இருக்கவோ?” என்று கேட்டாள். அதன் பிறகு ஆட்கள் முன்னால் இவர் ‘பிளா’ என்று தொடங்கினாலே மேசைக்குக் கீழே காலில் ஒரு உதை விழும். அந்த உதைகூடச் சிறீஸ்கந்தராசாவுக்குச் சந்தோஷம்தான். இரண்டு வருஷம் உதைக்க ஆளில்லாமல் இருந்த கால் அது.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, தலைநகரத்துப் பக்கம் இருக்கும் இஷொயிலிருந்து அவளுடைய தமையன் ஞானரட்ணம் வந்து இறங்கினார். ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று மாறி மாறி வந்த களை. ஊரில் வங்கியில் நகை அடைவு பிடிக்கிற பகுதியில் இருந்தவர். நகையைக் கண்டால் மனிதரைப் பார்க்கமாட்டார். கோதுமை மாப் பிட்டும் சம்பலும் வைக்கத் தங்கமலர் குனிந்தாள். கழுத்துக் கொடி முன்னால் சரிந்து ஆடியது. ஞானரட்ணம் பிட்டை விட்டுவிட்டுக் கொடியைப் பிடித்தார்.

“இதென்ன பிள்ளை, காசு வெளுத்துப் போய்க் கிடக்கு?”

எங்கள் தாலிக்கொடியில் தாலிக்கு இருபக்கமும் ஒவ்வொரு தங்கப் பவுண் காசு இருக்கும். கொடி மாப்பிள்ளை வீட்டார் செய்து போடுவது. தங்கமலரின் கொடியில் இருந்தவை இரண்டும் விக்ரோறியா மகாராணி தலை போட்ட பழங்காசுகள், சிறீஸ்கந்தராசாவின் பாட்டனார் மலாயா ரயில்வேயில் இருந்து கொண்டுவந்தவை. அதில் இடப்பக்கத்துக் காசின் விளிம்பு, ஸ்வெற்றர்க் கழுத்தில் மூன்று மாதமாகத் தேய்ந்து தேய்ந்து, தங்கப்பூச்சுக் கழன்று வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

“வெள்ளி! வெள்ளிக்குப் பூச்சுப் பூசிக் குமருக்குத் தாலி கட்டியிருக்கினம்!” ஞானரட்ணம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். “நாங்கள் வீடும் வளவும் எழுதிக் குடுத்தனாங்கள். இவையள் எங்களுக்கு வெள்ளிக்காசு தந்திருக்கினம். அம்மாவுக்கு இண்டைக்கே எழுதப்போறன். பிள்ளை, பெட்டியை அடுக்கு. என்னோடை இஷொய்க்கு வா. இவரின்ரை ஆக்கள் வந்து பதில் சொன்னாப் பிறகு பாப்பம்.”

தங்கமலர் காசைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். “மாமி தெரிஞ்சோ செய்தவ?” என்று மெல்லக் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது. சிறீஸ்கந்தராசாவுக்குப் பயம் பிடித்தது. உண்மையான பயம். இரண்டு வருஷம் தனியே கிடந்த அந்த அறை அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. கிட்டப் போய்க் காசை விரலில் எடுத்தார். பார்த்தார். இன்னும் கிட்டப் பார்த்தார். அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுபட்டது.

“நான் அழுறன், நீங்கள் சிரிக்கிறியள்!”

“இல்லையடியப்பா, நில். கறுக்கேல்லை! வெள்ளியெண்டால் இவ்வளவுக்குக் கறுத்திருக்கும். பாரம் பார், பாரம்! மற்றக் காசின்ரை பாரம் அப்பிடியே கிடக்கு. இது அது!” கையைக்கூடத் துடைக்காமல் புத்தகத்துக்கு ஓடினார். சம்பல் விரலோடு பக்கத்தைத் திருப்பினார். அதைக் கண்டு தங்கமலரே ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திவிட்டாள். “இஞ்சை போட்டிருக்கு. அந்தக் காலத்துக் கள்ளக்காசுக்காரர் வெள்ளியிலை செய்யேலாது, பாரம் காட்டிக் குடுத்திடும். அதாலை மலிஞ்ச சாமானாய் பிளாற்றினத்தை எடுத்து, கொஞ்சம் செம்பு கலந்து, மேலை தங்கம் பூசிப் பவுண் எண்டு வித்திருக்கிறாங்கள். எங்கடை மலாயாப் பாட்டன் கள்ளன் இல்லை, மச்சான். பாட்டனைத்தான் ஆரோ ஏமாத்தியிருக்கிறான்!”

“புத்தகத்திலை ஆயிரம் இருக்கும்,” என்றார் ஞானரட்ணம். “உரைச்சுப் பாத்தால்தான் கதை.”

நகைக்கடை ஒரு மணிக்குப் பூட்டிவிடும். அப்போது பன்னிரண்டே முக்கால். ரைம்கீப்பர் மணிக்கூட்டைப் பார்த்ததுதான் தாமதம், சைக்கிளை எடுத்தார். பின்கரியரில் தங்கமலர், சேலைக்கு மேலே குளிருக்குப் போடும் பெரிய கோட்டு, ஒரு கை புருஷனின் இடுப்பில், மறுகை கொடியில். எதிர்க்காற்று வேறு. பிறத்தாலே ஞானரட்ணம் புதுச் சப்பாத்தோடு ஓடி வந்தார். “மச்சான், மெல்ல! மச்சான்!” ஒரு டெனிஷ் கிழவி நாயையும் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்று மூவருக்கும் கை காட்டினாள். தங்கமலரும் பதிலுக்குக் கை காட்டினாள், அழுத கண்ணோடேயே.

நகைக்கடைக்காரர் கதவில் தொங்கும் பலகையைப் ‘பூட்டியாயிற்று’ என்று திருப்பிப்போட வந்த நேரம் மூவரும் உள்ளே விழுந்தார்கள். காசைக் கழற்றித் தரச் சொன்னார். “நை,” என்றாள் தங்கமலர். அவளுக்கு அதுவரை தெரிந்த டெனிஷில் அதுதான் மிக உறுதியான சொல். தாலியைக் கழற்றுவதாவது! ஊரில் என்றால் கழற்ற வேண்டி வந்தாலும் மஞ்சள் துண்டு கட்டின நூல் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் கழற்றுவார்கள். ஹேர்னிங்கில் மஞ்சள் துண்டுக்கு எங்கே போக? இதையெல்லாம் சிறீஸ்கந்தராசா தன் நூறு வருஷத்து டெனிஷில் விளங்கப்படுத்தினார். கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு உரைகல்லை எடுத்து அவள் கழுத்தடிக்கே கொண்டுவந்தார்.

தங்கமலர் கண்ணாடி மேசைக்கு மேலே குனிந்தாள். கடைக்காரரும் குனிந்தார். நெற்றியும் நெற்றியும் முட்டின. அசிட் தெறிக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு பச்சைத் துணி கட்டிவிட்டார்கள், சிரைக்க உட்கார்ந்த மாதிரி. காசின் விளிம்பைக் கல்லில் உரைத்தார். வெள்ளைக் கோடு. பக்கத்தில் ஒரு வெள்ளிக்கரண்டியை உரைத்தார். அதுவும் வெள்ளைக் கோடு. இரண்டுக்கும் மேலே ஒவ்வொரு துளி அசிட். ஞானரட்ணம் மூச்சுவாங்குவதைக்கூட நிறுத்திவிட்டார். கரண்டிக் கோடு கலங்கியது, கரைந்தது, இல்லாமற் போனது. காசுக் கோடு போட்டபடியே கிடந்தது.

கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டினார். உள்ளே போய் ஒரு பிளாற்றினக் கம்பி கொண்டுவந்து உரைத்தார். வேறொரு போத்தலிலிருந்து கடுமையான அசிட்டை விட்டார். இரண்டு கோடும் அக்கா தங்கச்சி மாதிரி ஒன்றாகவே இருந்தன. “பிளாற்றின்,” என்றார் கடைக்காரர், ஏதோ தேவாலயத்தில் நிற்கிறவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தி.

“ஐயா, அது போன நூற்றாண்டிலே...” என்று சிறீஸ்கந்தராசா தொடங்கினார். தங்கமலரின் கால் பழக்கத்தில் ஒருதரம் அசைந்தது. பிறகு நின்றுவிட்டது. இவர் கந்தக அசிட் பானையிலிருந்து கட்டுப்பல் வரை, ரஷ்யாக்காரனிலிருந்து கள்ளக்காசுக்காரர் வரை முழுவதையும் சொல்லி முடித்தார். கடை பூட்டுகிற நேரம் தாண்டிப் பத்து நிமிஷம். கடைக்காரர் ஒரு சொல்லும் விடாமல் கேட்டார். பிறகு அன்றைய பேப்பரை எடுத்து விலைப்பட்டியலில் விரலை வைத்தார். பிளாற்றினம் இந்த வருஷம் ஏறு ஏறென்று ஏறி இப்போது தங்கத்தையும் தாண்டி எங்கேயோ நிற்கிறதாம்.

ஞானரட்ணம் பேப்பரைப் பறித்து இரண்டு தரம் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. திடீரென்று மறுபடி சுருங்கியது. “அப்ப மற்றக் காசு?”

கடைக்காரர் வலப்பக்கத்துக் காசையும் உரைத்துப் பார்த்தார். சுத்தமான இருபத்திரண்டு கரட் பவுண்.

“வெறும் தங்கமோ?” என்றார் ஞானரட்ணம். அந்த ஒரு சொல்லில் அவருக்கு இருந்த மனவருத்தம் சொல்லி மாளாது. தங்கமலர் பச்சைத் துணியோடேயே சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்துச் சிறீஸ்கந்தராசா சிரித்தார். எதற்கென்று தெரியாமலே கடைக்காரரும் சிரித்தார். கடைசியில் தமையனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

ஊருக்குக் கடிதம் போகவில்லை. பெட்டியும் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. காசுக்குத் திரும்பத் தங்கம் பூசித் தரலாம், ஒருவருக்கும் தெரியவராது என்று கடைக்காரர் சொன்னதை ஞானரட்ணம் திங்கட்கிழமை ரயில் ஏறும்வரை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார். தங்கமலர் பாத்திரம் மினுக்குகிற தூளைத் தொட்டுக் காசைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகாராணியின் மூக்கு வரைக்கும் வெளுத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு கத்தரீனா வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். கத்தரீனா மன்னார்ப் பெண், கண் கூர்மை. கேக் வெட்டி முடியவில்லை, கேட்டுவிட்டாள். “என்னடி தங்கமலர், உன்ரை கொடியிலை ஒரு காசு வெளிறிப் போய்க் கிடக்கு?”

கதைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். தங்கமலர் சேலைத் தலைப்பை இழுத்து மறைக்கவில்லை. கொடியை வெளியே எடுத்து, வெள்ளைக்காசு எல்லோருக்கும் தெரியும்படி நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டாள். நாடியை மட்டும் மூலைப்பக்கம் திருப்பிக் காட்டினாள்.

மூலையில் சிறீஸ்கந்தராசா கேக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். புத்தகம் இரண்டு தெரு தள்ளி, வீட்டு மேசையில் கிடக்கிறது. இவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் கடதாசித் துவாயில், பிறகு காற்சட்டையில், பிறகு வெறும் காற்றில் ஒரு உதறல்.