கைதட்டலுக்கு எழும்பிய குதிரை

சென்னையில் வருஷா வருஷம், கூரை போட்ட பெரிய அரங்கத்துக்குள் குதிரை ஷோ நடக்கும். பணக்காரர் குதிரைகள் தடை தாண்டும். நடுவில் ஊர்க் குதிரைகளை ஒரு சுற்று நடக்கவிடுவார்கள். அதற்குத்தான் என் வெள்ளைக் குதிரையைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு ஊர் தாமல். காஞ்சிபுரத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுவேன். மேளம் அடித்தால் அது முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கும். மேளம் நின்றால்தான் அடங்கும். அப்படிப் பழக்கியது நானும் என் மச்சானும். என் பெண்டாட்டியின் தம்பி அவன். ஏரிக்கரையில் கட்டிப்போட்டு அவன் மேளம் தட்டுவான். ஒவ்வொரு தட்டுக்கும் நான் பிரம்பால் முழங்காலில் அடிப்பேன். தோல் உரிந்து ரத்தம் வரும். காலைத் தூக்கினால் அடி இல்லை. ஒரு மாசத்தில் கற்றுக்கொண்டது.

"அங்க மேளம் இருக்குதா?" என்று ஷோக்காரரிடம் போனிலேயே கேட்டேன்.

"மேளம்லாம் இல்லபா. வெறும் மைக்குதான்."

அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் உள்ளே விட்டோம். மச்சான் லகானைப் பிடித்திருந்தான். நான் பின்னால் நடந்தேன். பாதிச் சுற்றில் ஜனம் கை தட்டியது. எல்லாரும் ஒரே தாளத்தில். தகரக் கூரை அதை மேளமாக்கிவிட்டது. குதிரை எழும்பியது. ஜனத்துக்குச் சந்தோஷம். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"தட்டாதீங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மச்சான் லகானை விடாமல் தொங்கினான். குளம்பு அவன் தாடையில் இறங்கியது. விழுந்தான். குதிரை மறுபடி எழும்பி அவன் தோளில் இறங்கியது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கைதட்டல் நின்றது. குதிரை உடனே காலை ஊன்றி, தலை குனிந்து நின்றது.

இரண்டு மாசம் கழித்து மச்சான் கடப்பாரையோடு என் வீட்டுக்கு வந்தான். வாய் கோணியிருந்தது.

"எங்க அந்தக் கழுத? இன்னிக்கு மண்டைய பொளந்துடறேன்."

"நீ தட்டுன, நான் அடிச்சேன். அது கத்துக்கிச்சு. அத ஏன் கொல்ற?"

"நாயம் பேசிக்கினு நிக்காத மாமா. தள்ளு."

குதிரைக்கு முன்னால் நின்ற நான் நகரவில்லை. குதிரைக்கு ஓங்கியது என் முன்கையில் விழுந்தது. கை மடங்கித் தொங்கியது.

கடப்பாரையைப் போட்டுவிட்டான். "குறுக்க வந்து நிக்கிறியே, அறிவு இருக்குதா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே தன் துண்டால் என் கையைக் கட்டினான். ஆஸ்பத்திரிக்கும் அவன்தான் கூட்டிப்போனான்.

கை கோணலாகத்தான் சேர்ந்தது. குதிரையை இப்போது ஊர்வலத்துக்கு விடுவதில்லை. வண்டியில் கட்டிப் புல் ஏற்றுகிறோம். மேளச் சத்தம் கேட்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவோம்.

இந்த வருஷமும் சென்னையிலிருந்து போன் வந்தது. பேசியது புது ஆள்.

"போன தடவ உங்க குதிரைக்குதான் சார் செம கைதட்டு. அதையே கூட்டிட்டு வாங்க."

பக்கத்தில் இருந்த மச்சான் போனை வாங்கினான்.

"அது செத்துப்போச்சுபா" என்றான்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனான்.